கம்மி காசுல வீட்டு ரெக்கார்டிங்: எத முதல்ல வாங்கணும், எத இப்போதைக்கு வாங்கவே வேணாம்

வீட்டுல பாட்டு ரெக்கார்ட் பண்ண ஆரம்பிக்கிற எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த மைக் வாங்கலாம்"ன்னு தான். நல்ல கேள்வி தான், ஆனா அது மூணாவதா கேக்க வேண்டிய கேள்வி. எந்த பிராண்டுங்கறத விட எந்த வரிசையில வாங்குறோம்ங்கறது தான் காச காப்பாத்தும்னு நான் உறுதியா நம்புறேன், ஏன்னா நான் வரிசை மாத்தி வாங்கினவன். ஸ்டுடியோ போட்டோ எதப் பாத்தாலும் மேசை மேல ரெண்டு ஸ்பீக்கர் நிக்கும்ல, அது இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு நினைச்சு இருந்த காசு மொத்தத்தையும் ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர்ல போட்டேன். சின்ன ரூம், சுவத்த ஒட்டி வச்சேன், பேஸ், அதாவது அடி சத்தம், அப்படியே குமுறுச்சு, குமுறுதேன்னு மிக்ஸ்ல (எடுத்த சத்தங்கள அளவு பாத்து ஒண்ணா கலக்கறது) பேஸ குறைச்சிக்கிட்டே போனேன், அதே பாட்ட வேற எடத்துல போட்டுக் கேட்டா அடியே இல்லாம தகரம் மாதிரி இருந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு ஒரு சாதாரண ஹெட்போன் வாங்கின அப்புறம் தான் என்ன நடந்திருக்குன்னே புரிஞ்சுது, அந்த வருஷம் பண்ண எல்லாத்தையும் திரும்ப மிக்ஸ் பண்ணேன். அதனால தான் இத வரிசைப்படி எழுதுறேன், நடுவுல இருந்து படிக்காம மேல இருந்தே வாங்க.

1. முதல்ல ஒரு பேப்பர் எடுங்க

ஒரே நேரத்துல எத்தன சத்தம் உள்ள போகணும்னு எழுதுங்க. எத்தன இசைக்கருவி பாட்டுல இருக்குங்கறது இல்ல, ஒரே நேரத்துல எத்தன. நீங்க தனியா பாடி, அப்புறம் கிட்டார் வாசிச்சு, அப்புறம் இன்னொரு குரல் சேக்கறவர்னா உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு இன்புட் (மைக்கோ கிட்டாரோ சொருகுற வாய்) தான், பாட்டுல நாப்பது ட்ராக் (தனித்தனியா எடுத்த சத்தம்) இருந்தாலும் சரி. பாடிக்கிட்டே வாசிக்கிறவர், இல்ல ரெண்டு பேர் சேந்து பாடுறவங்கன்னா ரெண்டு. ட்ரம் செட்ட முழுசா எடுக்கணும்னா குறைஞ்சது நாலு, ஆனா அத வீட்டுல குறைஞ்ச செலவுல ஆரம்பிக்க வேணாம்னு தான் சொல்லுவேன், ட்ரம்முக்கு சாஃப்ட்வேர் இருக்கு. பெரும்பாலான ஆளுங்களுக்கு பதில் ஒண்ணு இல்ல ரெண்டு தான் வரும், எட்டு இன்புட் இருக்கற பெட்டிய பாத்து ஆசப்படாம இருக்க இந்த ஒரு பேப்பர் போதும்.

2. ரூம கேளுங்க, இதுக்கு செலவே இல்ல

கையில இருக்கற போன எடுத்து, நீங்க பாடப் போற எடத்துல வச்சு, ஒரு நிமிஷம் எதுவும் பேசாம ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் ஹெட்போன் மாட்டி சத்தத்த ஏத்தி கேளுங்க. ஃபேன், ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர் உள்ள சுத்துற விசிறி, ஜன்னல் வழியா வர்ற வண்டி சத்தம் எல்லாம் அப்ப தான் தெரியும், நம்ம காது அதெல்லாம் தினமும் கேட்டு பழகி தள்ளி விட்டிருக்கும், மைக் தள்ளாது. எத அணைக்கலாம், எத வேற ரூமுக்கு மாத்தலாம், எந்த நேரத்துல தெரு அமைதியா இருக்குன்னு பாத்து வைங்க.

அடுத்து ரூம் நடுவுல நின்னு பலமா ஒரு தட்டு கை தட்டுங்க. தட்டின சத்தம் உடனே செத்துட்டா நல்லது. "ட்ர்ர்"ன்னு சுவருக்கு சுவர் ஓடுச்சுன்னா அது உங்க ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் ஒட்டிக்கும், அப்புறம் எந்த சாஃப்ட்வேர் வச்சும் அத சுத்தமா எடுக்க முடியாது. இதுக்கு மருந்து துணி தான்: துணி நிறைஞ்ச அலமாரிய தொறந்து வைக்கறது, கட்டில், மெத்த, கனமான போர்வை. பாடறவருக்குப் பின்னாடி போர்வைய தொங்க விடுங்க, எல்லாரும் மைக்குக்குப் பின்னாடி போடுறாங்க, ஆனா ஒரு பக்கமா கேக்குற மைக் பாத்துக்கிட்டு இருக்கறது உங்க முகத்தையும் உங்களுக்குப் பின்னாடி இருக்கற சுவத்தையும் தான். முட்ட அட்ட ஒட்டுறது பிரயோஜனம் இல்ல. மெல்லிசான ஃபோமும் மேல் சத்தத்த மட்டும் தான் குடிக்கும், ஏன்னா 100 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலை நீளமே கிட்டத்தட்ட 3.4 மீட்டர், அத ரெண்டு விரல் தடிமன் ஸ்பாஞ்ச் நிறுத்தாது. இன்னொண்ணு, இதெல்லாம் எதிரொலிய குறைக்கறதுக்கு, வெளிச் சத்தம் உள்ள வராம தடுக்கறது வேற வேல, அதுக்கு கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேணும், அதுல காசப் போடாதீங்க.

3. இப்ப மைக்

யூஎஸ்பி மைக்கா, இல்ல மூணு முள் கேபிள்ல போற எக்ஸ்எல்ஆர் மைக்காங்கறத முதல்ல முடிவு பண்ணுங்க. யூஎஸ்பி மைக்ல எல்லாமே உள்ளயே இருக்கு, நேரா கம்ப்யூட்டர்ல சொருகி பாடலாம், செலவும் கம்மி. பேச்சுக்கும் டெமோவுக்கும் அது போதும். ஆனா அது ஒரு முட்டுச்சந்து. ரெண்டாவது மைக் சேக்கணும்னா தகராறு (ரெண்டு யூஎஸ்பி மைக்குக்கும் தனித்தனி கடிகாரம், நேரம் போகப் போக ஒண்ணுக்கொண்ணு விலகும்), கிட்டார சொருக எடம் கிடையாது, அப்புறம் நல்ல மைக்குக்கு மாறினா பழசு மொத்தமும் வீண். பாட்டு தான் நோக்கம்னா கொஞ்ச நாள் பொறுத்து எக்ஸ்எல்ஆர் மைக்கும் தனி இன்டர்ஃபேசும் (மைக்க கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி, அடுத்த படியில வருது) வாங்குங்க.

அடுத்து டைனமிக்கா கண்டென்சரா. கண்டென்சர் நுணுக்கமா கேக்கும், மூச்சு, விரல் கம்பியில உரசுறது எல்லாம் வரும், அதோட உங்க ரூமும் வரும், பக்கத்து வீட்டு டிவியும் வரும். அதுக்கு இன்டர்ஃபேஸ்ல இருந்து 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாவே போற மின்சாரம், போகணும். டைனமிக் மைக் கொஞ்சம் மந்தம், ஆனா அத வாய்க்குப் பக்கத்துல வச்சு பாடுறதால சுத்தி இருக்கற சத்தம் பின்னுக்குப் போயிடும், கீழ விழுந்தாலும் தாங்கும். ரெண்டாவது படியில உங்க ரூம் எப்படி இருந்துச்சோ அதான் இங்க பதில். ரூம் சத்தமா, வெறும் சுவரா இருந்தா டைனமிக். அமைதியா, துணி நிறைஞ்சு இருந்தா, முக்கியமா அக்கூஸ்டிக் கிட்டாரோ புல்லாங்குழலோ எடுக்கறதா இருந்தா கண்டென்சர்.

பேர் சொல்லணும்னா, டைனமிக்ல ஷூர் எஸ்எம்57ம் எஸ்எம்58ம். 57 வந்தது 1965ல, 58 வந்தது 1966ல, இன்னும் மேடையிலயும் ஸ்டுடியோலயும் ஓடிக்கிட்டு இருக்கு. பாட மட்டும்னா 58, கிட்டார் ஆம்ப்லாம் எடுக்கணும்னா 57. ஆனா 58க்கு போலி ரொம்ப அதிகம், நம்ப முடியாத குறைச்சல் விலையில யாராவது குடுத்தா வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. கண்டென்சர்ல ஆரம்பத்துக்கு ஆடியோ டெக்னிகா ஏடி2020 நல்ல தேர்வு. கொஞ்சம் மேல போக முடிஞ்சா ரோட் என்டி1, அதோட சொந்த இரைச்சல் ரொம்ப ரொம்ப கம்மி, மெதுவா பாடுறவங்களுக்கு அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

எல்லா வீடியோலயும் வர்ற ஷூர் எஸ்எம்7பி பத்தி தனியா ஒரு வார்த்த. அருமையான மைக் தான், ஆனா அதுக்கு 60 டெசிபல் அளவுக்கு கெயின் (மைக்ல இருந்து வர்றத பெருசாக்கறது) வேணும். விலை குறைஞ்ச இன்டர்ஃபேஸ் பலதும் அந்த அளவுக்கு ஏத்தும்போது "ஸ்ஸ்"ன்னு இரைச்சல் போடும், அப்புறம் நடுவுல வைக்க இன்னொரு பூஸ்டர் வாங்கணும். முதல் மைக்கா அது வேணாம்.

4. இன்டர்ஃபேஸ்

மைக்ல இருந்து வர்ற சின்ன மின்சாரத்த பெருசாக்கி, அத எண்ணா மாத்தி கம்ப்யூட்டருக்கு அனுப்புற பெட்டி இது. ஹெட்போனும் இதுல தான் சொருகுவீங்க. இதுல பாக்க வேண்டியது: பேப்பர்ல எழுதின எண்ணிக்கைக்கு ஏத்த மைக் இன்புட், 48 வோல்ட் பட்டன், கிட்டார நேரா சொருக இன்ஸ்ட்ருமென்ட் இன்புட், டைரக்ட் மானிட்டரிங் (உங்க குரல் கம்ப்யூட்டர சுத்தி வராம நேரா ஹெட்போனுக்கு வர்றது), 24 பிட். அவ்வளவு தான்.

24 பிட்ட ஏன் விட்டுக்குடுக்க கூடாதுன்னா, 16 பிட்ல ரொம்ப மெதுவான சத்தத்துக்கும் ரொம்ப பலமான சத்தத்துக்கும் நடுவுல கணக்குப்படி கிடைக்கிற எடவெளி 96 டெசிபல், 24 பிட்ல 144. அதாவது 24ல நீங்க பயப்படாம மெதுவா ரெக்கார்ட் பண்ணிட்டு அப்புறம் ஏத்திக்கலாம், பிட் குறைச்சலால வர்ற இரைச்சல் கூடவே ஏறி வராது. பேரப் பாத்து ஏமாற வாய்ப்பு இங்க தான் இருக்கு, பெரிஞ்சர் யூஎம்சி22ம் யூஎம்சி202எச்டியும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா முதல்து 16 பிட், ரெண்டாவது 24 பிட். விலை வித்தியாசம் எவ்வளவுன்னு பாத்துட்டு முடிஞ்ச வரைக்கும் ரெண்டாவதுக்கே போங்க. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ ஒரு மைக்கும் ஒரு கிட்டாரும் எடுக்கறவருக்கு, ஸ்கார்லெட் 2ஐ2 ரெண்டு மைக் வேணுங்கறவருக்கு. ஆடியன்ட் ஐடி4, மோட்டு எம்2 ரெண்டும் இன்னும் கொஞ்சம் செலவு பண்ணத் தயாரா இருக்கறவங்களுக்கு.

பெட்டி மேல 192 கிலோஹெர்ட்ஸ்னு (ஒரு செகண்டுக்கு எத்தன தடவ சத்தத்த அளக்குதுங்கற எண்) பெருசா எழுதி இருந்தா அதுக்காக காசு குடுக்காதீங்க. 48 கிலோஹெர்ட்ஸ்லயே 24000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிச்சிடலாம், மனுஷ காது கேக்கறது நல்ல நிலையில 20000 வரைக்கும் தான்.

டிரைவர் (பெட்டியையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கற சாஃப்ட்வேர்) விஷயத்த மட்டும் வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. மேக்ல அதுக்கான வசதி கோர் ஆடியோங்கற பேர்ல உள்ளயே இருக்கறதால பெருசா கவல இல்ல. விண்டோஸ்ல அந்த கம்பெனி தாமதத்த குறைக்கற ஏஎஸ்ஐஓ வகை டிரைவர சொந்தமா குடுக்குதா, உங்க விண்டோஸ் வெர்ஷனுக்கு அது வருதான்னு அவங்க டவுன்லோட் பக்கத்துல போய் பாருங்க. பழைய செகண்ட் ஹேண்ட் இன்டர்ஃபேஸ்ல பெட்டி நல்லா இருக்கும், டிரைவர் செத்துப் போயிருக்கும், எனக்கு அப்படி ஒண்ணு வந்து மாட்டி இன்னும் அலமாரியில இருக்கு.

5. ஹெட்போன், ஸ்பீக்கர் அப்புறம்

பாடும்போது மூடின வகை ஹெட்போன் தான் வேணும். தொறந்த வகையில தாளத்துக்கு வைக்கற மெட்ரோனோம் "டிக் டிக்" வெளிய கசிஞ்சு மைக்ல ஏறிடும். சோனி எம்டிஆர்-7506, ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ் ரெண்டுமே பாடவும் மிக்ஸ் பண்ணவும் தாங்கும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ வாங்கினா ஓம் (மின் தடை) எண்ண பாத்து வாங்குங்க, 32, 80, 250ன்னு வருது, 250க்கு நிறைய வோல்ட் வேணும், சின்ன இன்டர்ஃபேஸ்லயும் போன்லயும் சத்தம் பத்தாது. ப்ளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, சத்தம் லேட்டா வரும், தாளம் போயிடும்.

ஸ்பீக்கர ஏன் தள்ளிப் போடச் சொல்றேன்னா, 3 மீட்டர் நீளமுள்ள ரூம்ல 57 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சுருதி தானாவே தூக்கி நிக்கும், நீங்க உக்கார்ற எடத்தப் பொறுத்து அது வெடிக்கும் இல்ல காணாமலே போயிடும். ஸ்பீக்கர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் ரூம் பொய் சொல்லும். ஹெட்போனுக்கு ரூமே கிடையாது. என் ஒரு வருஷம் போனது இந்த ஒரு விஷயம் தெரியாம தான்.

6. சில்லறை சாமான்

ஆடாத மைக் ஸ்டாண்ட், ஒரு பாப் ஃபில்டர் (வாய்க் காத்த தடுக்கற வலை), ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள், கிட்டார் இருந்தா ஒரு கிட்டார் கேபிள். ஸ்டாண்ட்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம், தானா இறங்குற ஸ்டாண்ட் ஒவ்வொரு டேக்கையும் (ஒரு தடவ பாடி ரெக்கார்ட் பண்றது) கெடுக்கும். கேபிள்ல தங்க முலாம் அது இதுன்னு சொல்றதெல்லாம் தேவை இல்ல. மைக்க சுத்தி வைக்கற வளைஞ்ச ஃபோம் கவசம் வாங்காதீங்க, அந்த வேலைய பின்னாடி தொங்குற போர்வை நல்லாவே செய்யும்.

7. கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும்

இருக்கற கம்ப்யூட்டரே போதும்னு தான் ஆரம்பிக்கணும். 8 ஜிபி ராம் இருந்தா குரலும் கிட்டாரும் தாராளமா ஓடும், பெரிய பெரிய ஆர்கெஸ்ட்ரா சேம்பிள் லைப்ரரி (ரெக்கார்ட் பண்ணி வச்ச இசைக்கருவி சத்தம்) போட்டா தான் 16 வேணும். பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க் இருந்தா அத எஸ்எஸ்டியா மாத்துங்க, அது புது கம்ப்யூட்டர் வாங்கின மாதிரி இருக்கும்.

சாஃப்ட்வேர்ல என் மனசார்ந்த சிபாரிசு ரீப்பர். 60 நாள் முழுசா, எந்த வசதியும் பூட்டாம போட்டுப் பாக்க விடுவாங்க, அப்புறம் தனி ஆளுங்களுக்கான லைசென்ஸ் மத்த பெரிய சாஃப்ட்வேரோட ஒப்பிட்டா ரொம்ப கம்மி. பாட்டு கேக்குற வின்ஆம்ப் சாஃப்ட்வேர எழுதின ஜஸ்டின் ஃப்ராங்கல் ஆரம்பிச்சது, இன்ஸ்டால் பண்ற ஃபைல் சின்னது, பழைய மெஷின்லயும் ஓடும். முதல் ரெண்டு வாரம் மொரண்டு பிடிக்கும், மெனு மேல மெனுவா இருக்கும், கூடவே ட்ரம், பியானோ சவுண்டும் பெருசா வராது. அத தாண்டிட்டா வேற எங்கயும் போக மனசு வராது.

மேக் இருந்தா யோசிக்கவே வேணாம், கராஜ்பேண்ட் இலவசம், அதுல சவுண்டும் நிறைய, ஐபோன் ஐபேட்லயும் இருக்கு. காசே குடுக்க முடியாது, விண்டோஸ் இல்ல லினக்ஸ்னா வேவ்ஃபார்ம் ஃப்ரீ, ட்ராக் எண்ணிக்கைக்கு கட்டுப்பாடு இல்ல. ஆடாசிட்டி 2000ல இருந்து இருக்கற நல்ல இலவச சாஃப்ட்வேர், குரல வெட்டி ஒட்ட அருமை, ஆனா மிடி கீபோர்ட (சாஃப்ட்வேர்ல இருக்கற சவுண்ட வாசிக்கற கட்டை) வச்சு பாட்டு கட்ட அது சரிப்படாது. இன்டர்ஃபேஸ் வாங்கும்போது கூடவே ஏபிள்டன் லைவ் லைட் மாதிரி ஏதாவது வந்தா அத முதல்ல போட்டுப் பாருங்க, அதுக்கு நீங்க ஏற்கனவே காசு குடுத்தாச்சு. திருட்டு சாஃப்ட்வேர் மட்டும் வேணாம், வைரஸ் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், இவ்வளவு நல்ல இலவசம் இருக்கும்போது தேவையே இல்ல.

ப்ளக்இன் (சாஃப்ட்வேருக்குள்ள சேக்கற குட்டி சாஃப்ட்வேர்) விஷயத்துல, இலவசமா கிடைக்கிறதே ஒரு பாட்டுக்கு மேல போதும். ஈக்யூவுக்கு (அடி சத்தம், மேல் சத்தத்த தனித்தனியா ஏத்தி இறக்கறது) டிடிஆர் நோவா, எக்கோ ரிவெர்புக்கு வால்ஹல்லா சூப்பர்மாசிவ், சிந்துக்கு (சாஃப்ட்வேரே உண்டாக்குற சத்தம்) வைட்டலும் சர்ஜ் எக்ஸ்டியும், சேம்பிள் சவுண்டுக்கு டீசென்ட் சேம்ப்ளர், கண்ணால அலைவரிசைய பாக்க வாக்ஸெங்கோ ஸ்பான். இத்தோட நிறுத்துங்க. டவுன்லோட் பண்றதுலயே சாயங்காலம் போயிடும், பாட்டு நகராது.

மிடி கீபோர்ட் 25 கட்டை போதும் ட்ரம் தட்டவும் சின்ன மெலடிக்கும், ரெண்டு கையால பியானோ வாசிக்கிறவங்க 49க்கு கீழ போகாதீங்க. அதுல சொந்த சத்தம் இருக்காது, சாஃப்ட்வேர்ல இருந்து தான் வரும், வாங்கிட்டு சத்தமே வரலன்னு பதறாதீங்க.

8. முதல் டேக்

புது ப்ராஜெக்ட், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இன்டர்ஃபேஸ்லயும் அதே எண் இருக்கான்னு பாருங்க, 48ல எடுத்தத 44.1ல ஓட்டினா பாட்டு மெதுவாகி கிட்டத்தட்ட ஒண்ணரை செமிடோன் இறங்கிடும், என்னடா சுருதி போச்சுன்னு தலைய பிச்சுக்க வேண்டி வரும். ஒரு மோனோ ட்ராக் நிமிஷத்துக்கு 8.6 எம்பி சுமாருக்கு எடம் பிடிக்கும், கணக்கு போட்டு வச்சுக்கங்க.

பாட்டுல உச்சமா வர்ற வரிய பாடிக்கிட்டே கெயின திருப்புங்க, மீட்டர் மைனஸ் 10 பக்கம் முட்டினா போதும், சிவப்பு எரியவே கூடாது. மெதுவா இருக்கேன்னு ஏத்தாதீங்க, ஹெட்போன் வால்யூம ஏத்துங்க. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம் வைங்க, டைனமிக்னா நாலு விரல். இந்த தூரம் தான் இந்த மொத்த வழிகாட்டியிலயும் காசில்லாம கிடைக்கிற பெரிய விஷயம், தூரத்த பாதியாக்கினா குரல் 6 டெசிபல் ஏறும், ரூம் எதிரொலி இருந்த எடத்துலயே இருக்கும். ரொம்ப ஒட்டினா குரல்ல பேஸ் கூடும், அது பிடிச்சா வச்சுக்கலாம். "ப", "ஃப" வரும்போது காத்து அடிச்சா மைக்க கொஞ்சம் ஓரமா திருப்புங்க.

உங்க குரல் உங்களுக்கே லேட்டா கேட்டா அது பஃபர், கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேத்து வச்சு அனுப்புற சத்தத்தோட அளவு. 48 கிலோஹெர்ட்ஸ்ல 128 சேம்பிள்னா உள்ள போறது, வெளிய வர்றதுன்னு ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட், 1024னா 21. பாடும்போது 128க்கு இறக்குங்க, மிக்ஸ் பண்ணும்போது 1024க்கு ஏத்துங்க. 128ல "கிர்ர்"ன்னு வெட்டினா டைரக்ட் மானிட்டரிங்க போட்டு சாஃப்ட்வேர்ல அந்த ட்ராக்கோட சத்தத்த மட்டும் அணைச்சிடுங்க, குரல் பெட்டியில இருந்தே நேரா காதுக்கு வந்துடும்.

முடிச்ச உடனே ப்ராஜெக்ட் ஃபோல்டர இன்னொரு டிஸ்க்ல காப்பி பண்ணுங்க. நாளைக்கு பண்ணலாம்னு விட்டவங்க அழுததப் பாத்திருக்கேன்.

9. அடுத்து என்ன வாங்கறதுன்னு பாட்டு தான் சொல்லணும்

மூணு பாட்டு முடிக்காம எதுவும் வாங்காதீங்க. முடிச்ச பாட்ட போன்ல, வண்டியில, வேற ஆளோட ஹெட்போன்ல போட்டுக் கேட்டு என்ன குறைன்னு எழுதுங்க. குரல் கிணத்துக்குள்ள இருக்கற மாதிரி இருந்தா இன்னொரு போர்வை, இன்னும் கிட்ட பாடறது, மைக் மாத்தாதீங்க. பின்னாடி "ஸ்ஸ்" கேட்டா அது ஃபேனா கெயினான்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. "ம்ம்"ன்னு 50 இல்ல 60 ஹெர்ட்ஸ் உறுமல்னா கேபிளையும், லேப்டாப் சார்ஜர கழட்டிப் பாத்தா போகுதாங்கறதையும் சோதிங்க. அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும் மங்கலா இருந்து குரல் நல்லா இருந்தா, அப்ப ரெண்டாவது மைக்கா ஒரு கண்டென்சர் வாங்கறதுல நியாயம் இருக்கு, வாங்கினா அத ஈரம் படாம சிலிக்கா ஜெல் பையோட டப்பால வைங்க. செகண்ட் ஹேண்ட்ல டைனமிக் மைக்கயும் ஸ்டாண்டயும் தைரியமா வாங்கலாம், கண்டென்சர் மட்டும் ஃபேன்டம் பவர் போட்டு அஞ்சு நிமிஷம் ஹெட்போன்ல கேட்டு, வெடிக்கிற சத்தம் எதுவும் இல்லன்னு தெரிஞ்ச அப்புறம் காசு குடுங்க.

பேஸ் மட்டும் ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி கேக்குது, ஹெட்போன்ல எவ்வளவு பழகியும் சரியா பிடிபடலங்கற நிலை வந்தா, அன்னைக்கு ஸ்பீக்கர் வாங்குங்க. அஞ்சு இன்ச் போதும், ரெண்டு ஸ்பீக்கரும் உங்க தலையும் சமபக்க முக்கோணமா, ட்வீட்டர் (ஸ்பீக்கர்ல மேல் சத்தம் போடுற சின்ன பகுதி) காது உயரத்துல, ரூமோட மூலைய விட்டு தள்ளி.